இரு மைக்குகளும் ஓர் அரங்கும்: ஸ்டீரியோ ஒலிப்பதிவில் மைக் அமைப்பின் வரலாறும் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இசைக்களங்களும்

முன்னுரை

இசையைப் பதிவு செய்ய வருபவர் எடுக்கும் முதல் முடிவு, மைக்கை எங்கே வைப்பது என்பதே. கருவியின் தரம், மிக்சரின் விலை, பிற்பாடு செய்யும் மெருகு எல்லாம் இந்த முடிவுக்குப் பின்னரே வருகின்றன. இரண்டு மைக்குகளுக்கு இடையே 17 சென்டிமீட்டர் விட்டால் கிடைக்கும் பதிவு வேறு. அரை மீட்டர் விட்டால் கிடைப்பது வேறு. இந்த இடைவெளிகளும் கோணங்களும் ஏதோ தொழில்நுட்பக் கையேட்டில் திடீரெனத் தோன்றியவை அல்ல. 1881 முதல் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பாரிஸ், லண்டன், ஜெனீவா என்று பல நகரங்களில் நடந்த சோதனைகளின் விளைவு அவை.

அந்த வளர்ச்சியைக் கால வரிசையில் காண்பதும், தமிழக இசைப்பதிவு அதில் எதை ஏற்றது, எதை விட்டது என்று ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம். களமாக எடுத்துக்கொண்டவை, விருதுநகர் மாவட்டத்தில் ஒன்றையொன்று ஒட்டியுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும். அரையர் சேவை, தேரோட்டத்து நாகஸ்வரம், மேடைக் கச்சேரி ஆகிய மூன்று வேறு ஒலிக்களங்களை இங்கே அருகருகே காணலாம். இடத்தோடு பிணைந்த இத்தகைய இசையைப் பதிவு செய்ய, கருவிக்கு ஒரு மைக் என்ற இன்றைய வழக்கைவிட, ஓரிடத்தில் ஊன்றிய இரண்டு மைக்குகளே ஏற்றவை என்பது இக்கட்டுரையின் முடிபு.

ஒற்றை வழி ஒலி

மதுரையில் ஆண்ட திருமலை நாயக்கர், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சன்னதியில் உச்சிகால பூசை முடிந்த செய்தி கேட்ட பிறகே உணவு கொண்டார் என்றொரு செவிவழிச் செய்தி இப்பகுதியில் உண்டு. வழி நெடுக நகரா மண்டபங்கள் இருந்தன. ஒரு மண்டபத்து முழக்கம் கேட்டதும் அடுத்ததில் முழக்கினார்கள் என்பர். ஒலியைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாடு இது. பூசை முடிந்தது என்ற செய்தி மட்டும் மதுரையை எட்டினால் போதும். பூசை நடந்த சன்னதியின் ஒலிச்சூழல் அங்கே தேவைப்படவில்லை.

இசைத்தட்டின் தொடக்க காலமும் இதே நிலையில்தான் இருந்தது. 1902-இல் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் நடத்திய பதிவுகளில் மைக் கிடையாது. புனல் வடிவக் குழாய்தான் இருந்தது. பாடுபவர் அதன் வாயருகே நிற்பார், ஓங்கி ஒலிக்கும் கருவி தள்ளி நிற்கும். 1925-இல் மின்முறைப் பதிவு வந்தபின் குழாயின் இடத்தை மைக் பிடித்தது. நுண்ணிய ஒலிகள் தட்டில் ஏறின. ஆயினும் வழி ஒன்றே. தூரம், உரப்பு இரண்டையும் அந்த ஒற்றை மைக் அறியும். இடப்பக்கமா வலப்பக்கமா என்பதை அது அறியாது. டி. என். ராஜரத்தினம் பிள்ளை, காருகுறிச்சி அருணாசலம் ஆகியோரின் வாசிப்பு நம்மை வந்தடைந்தது இவ்வகைப் பதிவுகள் வழியேதான். அவற்றில் ராகம் முழுமையாக இருக்கிறது. தவில் எந்தப் பக்கம் நின்றது என்பது இல்லை.

இரு செவிகளின் கணக்கு

1881-இல் பாரிஸ் மின்பொருட்காட்சியில் கிளெமான் ஆதேர், ஓப்பரா அரங்கின் மேடை முன்விளிம்பில் தொலைபேசி ஒலிவாங்கிகளை இணை இணையாக வைத்தார். காட்சிக்கு வந்தவர்கள் இரண்டு காதிலும் தனித்தனிக் கேள்கருவியை வைத்துக் கேட்டபோது, பாடகர் மேடையில் நகர்வதை உணர முடிந்தது. இரண்டு மைக்குகளை இடம்விட்டு வைத்து இரண்டு காதுக்கும் தனித்தனியே ஒலியை அனுப்பிய முதல் முயற்சி இதுவே. ஆதேர் அதற்கான அறிவியல் விளக்கத்தைத் தேடவில்லை. அதை 1907-இல் ராலே பிரபு தந்தார். தாழ்ந்த சுருதி ஒலிகளின் திசையை, அவை இரு காதுகளையும் வந்தடையும் நேர வேறுபாட்டால் அறிகிறோம். உயர்ந்த சுருதி ஒலிகளைத் தலை மறைப்பதால், அவற்றின் திசையை உரப்பு வேறுபாட்டால் அறிகிறோம்.

ஒரு பக்கத்திலிருந்து நேராக வரும் ஒலி, மறுபக்கக் காதை அடைய எடுக்கும் கூடுதல் நேரம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது, ஏறத்தாழ 0.65 மில்லி விநாடி. பின்னால் வந்த மைக் அமைப்புகள் அனைத்தையும் இந்த இரு அளவுகோல்களை வைத்தே வகைப்படுத்தலாம். நேர வேறுபாட்டை நம்புபவை ஒரு வகை, உரப்பு வேறுபாட்டை நம்புபவை இன்னொரு வகை, இரண்டையும் கலப்பவை மூன்றாம் வகை.

ப்ளம்லைனும் பெல் ஆய்வகமும்

ஆங்கிலப் பொறியாளர் ஆலன் ப்ளம்லைன் 1931 டிசம்பர் 14 அன்று ஒரு காப்புரிமை விண்ணப்பம் தாக்கல் செய்தார். 394325 என்ற எண் பெற்ற அந்தக் காப்புரிமையில் 70 உரிமைக் கோரிக்கைகள் இருந்தன. திரையில் நடிகர் ஒரு பக்கம் நிற்க, குரல் மட்டும் ஒரே இடத்திலிருந்து வருவது அவரை உறுத்தியது. மைக்குகளை அமைப்பது தொடங்கி, ஒரே பள்ளத்தின் இரு சுவர்களில் இரண்டு ஒலிவழிகளைச் செதுக்குவது வரை அவர் அனைத்தையும் ஒருங்கே சிந்தித்திருந்தார். முன்னும் பின்னும் மட்டும் கேட்டு, பக்கவாட்டில் கேளாத எட்டு வடிவ மைக்குகள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக, 90 பாகை திருப்பி வைக்கும் முறை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. இரண்டும் ஒரே புள்ளியில் இருப்பதால் நேர வேறுபாடு அறவே இல்லை. திசை முழுவதும் உரப்பு வேறுபாட்டாலேயே வெளிப்படுகிறது. 1934 ஜனவரியில் அபி ரோடு அரங்கில் தாமஸ் பீச்சம் நடத்திய மோட்சார்ட் சிம்பொனி ஒத்திகையை அவர் ஸ்டீரியோவில் பதிவு செய்தார். 1942-இல் ராடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து நொறுங்கியதில், 38 வயதில் அவர் இறந்தார். தம் கண்டுபிடிப்பு வீடுகளுக்குள் நுழைந்ததை அவர் காணவில்லை.

இதே காலத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹார்வி ஃபிளெட்சர் தலைமையில் வேறொரு பாதை உருவானது. 1933 ஏப்ரல் 27 அன்று ஃபிலடெல்ஃபியாவில் வாசித்த இசைக்குழுவின் ஒலி, மூன்று மைக்குகள் வழியே மூன்று தனி வழிகளில் வாஷிங்டன் அரங்கில் இருந்த மூன்று ஒலிபெருக்கிகளுக்குச் சென்றது. லியோபோல்ட் ஸ்டொகோவ்ஸ்கி வாஷிங்டனில் அமர்ந்து ஒலி அளவைக் கட்டுப்படுத்தினார். ப்ளம்லைனின் வழி இரு மைக்குகளையும் ஒரு புள்ளியில் குவிப்பது. பெல் ஆய்வகத்தின் வழி மைக்குகளை மேடையின் அகலத்துக்குப் பரப்புவது. ஒலிப்பதிவாளர்கள் இன்றும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தேர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

வானொலி நிலையங்கள் வகுத்த அளவுகள்

1954-இல் டெக்கா நிறுவனத்தார் ஜெனீவாவின் விக்டோரியா அரங்கில் எர்னெஸ்ட் ஆன்செர்மேயின் இசைக்குழுவை ஸ்டீரியோவில் பதிவு செய்யத் தொடங்கினர். ராய் வாலஸும் ஆர்தர் ஹேடியும் உருவாக்கிய அமைப்பில், எல்லாத் திசையும் கேட்கும் மைக்குகள் மூன்று முக்கோணமாக நடத்துநரின் தலைக்கு மேல் நின்றன. இடமும் வலமும் இருப்பவற்றுக்கு இடையே ஏறத்தாழ 2 மீட்டர். நடு மைக் 1.5 மீட்டர் அளவு முன்னே. டெக்கா மரம் என்று பெயர் பெற்ற இந்த அமைப்பு, அரங்கத்தின் விரிவையும் முழக்கத்தையும் தாராளமாகத் தந்தது. 1958-இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் விற்பனைக்கு வந்ததும் இத்தகைய பதிவுகளுக்குச் சந்தை திறந்தது.

ஐரோப்பிய வானொலி நிலையங்களின் கவலை வேறு. பெரும்பாலான வீடுகளில் ஒற்றை ஒலிபெருக்கி ரேடியோவே இருந்தது. இடம்விட்டு வைத்த மைக்குகளின் ஒலியை ஒன்றாகச் சேர்த்தால், நேர வேறுபாட்டால் சில சுருதிகள் ஒன்றையொன்று அழிக்கும்; ஒலி மெலிந்து ஓட்டையாகும். டென்மார்க் வானொலியின் ஹோல்கர் லவுரிட்சன் 1950-களில் செம்மைப்படுத்திய எம்-எஸ் முறை இதற்கு நேரடி விடை. ஒரு மைக் நடுவை நோக்கும்; எட்டு வடிவ மைக் ஒன்று பக்கவாட்டை நோக்கும். இரண்டையும் கூட்டினால் இட ஒலி, கழித்தால் வல ஒலி. ஒற்றை ரேடியோவில் பக்க மைக் தானே மறைந்து, நடு மைக் மட்டும் குறையின்றி ஒலிக்கும்.

பிரெஞ்சு வானொலி 1960-ஐ ஒட்டி வகுத்த ஓ.ஆர்.டி.எஃப். முறை, இரண்டு வகைகளையும் இணைத்தது. முன்பக்கம் மட்டும் கேட்கும் இதயவடிவ மைக்குகள் இரண்டு, 17 சென்டிமீட்டர் இடைவெளியில், 110 பாகை விரிந்து நிற்கும். இடைவெளி மனிதச் செவிகளுக்கு இடையே உள்ள தூரத்தை ஒட்டியது. டச்சு வானொலியின் என்.ஓ.எஸ். முறையில் இடைவெளி 30 சென்டிமீட்டர், கோணம் 90 பாகை. 1984-இல் மைக்கேல் வில்லியம்ஸ் இவை அனைத்தையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவந்தார். ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு பதிவுக் கோணம் உண்டு. அந்தக் கோணத்துக்குள் அமர்ந்திருப்போர் இரு ஒலிபெருக்கிகளின் இடைவெளி முழுவதும் விரிவர். ப்ளம்லைன் முறைக்கு அது ஏறத்தாழ 75 பாகை, என்.ஓ.எஸ்.-க்கு 80, ஓ.ஆர்.டி.எஃப்.-க்கு 96. ஒரே புள்ளியில் 90 பாகை விரியும் இதயவடிவ எக்ஸ்-ஒய் இணைக்கு 180.

தமிழகத்தில் ஸ்டீரியோ

இந்திய இசைத்தட்டில் ஸ்டீரியோ 1960-களில் பரவியது. சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா, பிரிஜ்பூஷண் காப்ரா மூவரும் வாசித்து 1967-இல் வெளிவந்த 'கால் ஆஃப் தி வேலி' அதன் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. தமிழ்த் திரையில் ஸ்டீரியோ முறையில் பாடல்கள் பதிவான முதல் படமாக, இளையராஜா இசையில் 1978-இல் வந்த 'ப்ரியா' குறிப்பிடப்படுகிறது.

இங்கே வந்தபோது ஸ்டீரியோ, பலவழி நாடாவுடனேயே வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் அருகில் ஒரு மைக் வைத்துத் தனித்தனி வழியில் பதிவு செய்வர். பிறகு மிக்சரில் உள்ள குமிழைத் திருகி, வயலினை இடப்பக்கமும் வீணையை வலப்பக்கமும் அமர்த்துவர். திரையிசைக்கு இது மிகப் பொருத்தமான வழி. அங்கே அரங்கம் என்பதே இசையமைப்பாளரின் கற்பனையில் உருவாவது. இந்த முறையில் கிடைப்பது, ஒற்றை வழி ஒலிகளைப் பக்கம் பார்த்து அடுக்கிய தொகுப்பு. கருவிகள் ஒரே காற்றில், ஒரே கூரையின்கீழ் கலந்த கலப்பு அதில் இருக்காது.

மரபிசை மேடைக்கும் நாளடைவில் இதே வழக்கம் வந்தது. தென்மாவட்டக் கோயில் விழாக்களில் மைக் செட்டுக்காரர் பந்தலுக்கும் தெருவுக்கும் கட்டுவது ஒற்றை வழி ஒலிபெருக்கி. அந்த மிக்சரிலிருந்து வயர் எடுத்துக் கேசட்டில் ஏற்றிய கச்சேரிகள் ஏராளம். 1963-இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையத்தின் மத்திய அலை ஒலிபரப்பும் ஒற்றை வழிதான். ஐரோப்பாவில் ஒற்றை ரேடியோவுக்காகவே எம்-எஸ் முறை வளர்ந்தது. நம் ஊர் விழாக்களில் இசையைக் கூட்டத்துக்குச் சேர்ப்பதே முதல் தேவையாக இருந்ததால், இணை மைக் வேரூன்ற இடமே கிடைக்கவில்லை.

காவி அலெக்சாண்டரின் முயற்சி

இந்தப் போக்குக்கு எதிர்த்திசையில் நடந்தவர், இலங்கையில் பிறந்து கலிஃபோர்னியாவில் வாட்டர் லில்லி அகௌஸ்டிக்ஸ் நிறுவனத்தை நடத்திய காவி அலெக்சாண்டர். 1992-இல் சாந்தா பார்பராவில் ஒரு தேவாலயத்துள் விஸ்வ மோகன் பட், ரை கூடர் இருவரையும் அமர்த்தி, ப்ளம்லைன் முறையில் இரண்டே மைக்குகளால் அவர் பதிவு செய்தார். வால்வு மின்சுற்றுகள், அனலாக் நாடா. ஒலியைச் சமன்படுத்தவோ அமுக்கவோ எந்தக் கருவியும் இடையில் இல்லை. 'எ மீட்டிங் பை தி ரிவர்' என்று வெளிவந்த அப்பதிவு 1994-இல் கிராமி விருது பெற்றது. 1995-இல் வந்த 'மும்தாஜ் மஹால்' பதிவில் சித்ரவீணை ரவிகிரணும் இடம்பெற்றார். அறுபது ஆண்டுப் பழைய ஒரு முறை, நம் கருவிகளின் நாதத்தையும் அவை ஒலித்த கட்டடத்தையும் ஒருசேரக் காக்கும் என்பதற்கு இப்பதிவுகள் கண்கூடான சான்று.

கச்சேரி மேடையின் வடிவியல்

கருநாடக இசைக் கச்சேரியில் அமரும் முறை ஏற்கெனவே ஸ்டீரியோவுக்கு ஏற்ற ஒழுங்கில் உள்ளது. நடுவில் பாடகர், அவையோர் பார்வையில் இடப்பக்கம் மிருதங்கம், வலப்பக்கம் வயலின். மிருதங்க வித்வானின் வலக்கை வாசிக்கும் வலந்தலை அவையை நோக்கியிருக்க வேண்டும் என்பதால் அவர் அந்தப் பக்கம் அமர்கிறார். இடக்கைக்காரரான பழநி சுப்பிரமணிய பிள்ளை எதிர்ப்பக்கம் அமர வேண்டியிருந்தது. இடம் மாற ஒப்பாத வயலின் வித்வான்களும் இருந்தனர். அமரும் பக்கம் நாதத்தையே மாற்றும் என்பதை நம் கலைஞர்கள் நன்கு அறிந்திருந்தார்கள் என்பதற்கு இது போதும். ஒரு தலைக்கு ஒன்றாக இரண்டு மைக் வைத்து மிருதங்கத்தைப் பிடிக்கும் இன்றைய வழக்கில், தொப்பியும் வலந்தலையும் சம உரப்பில் முன்னே வந்து நிற்கின்றன. அவையில் அமர்ந்து கேட்பவர் காதில் வலந்தலை நேராகவும், தொப்பி மேடையைச் சுற்றிக் கனிந்தும் வந்து சேரும்.

ராஜபாளையத்தில், சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டையே அளித்து உருவான காந்தி கலை மன்றம் போன்ற ஓர் அளவான அரங்கை நினைத்துக்கொள்வோம். மிருதங்கமும் வயலினும் நடுக்கோட்டிலிருந்து 1.5 மீட்டர் விலகி அமர்ந்திருப்பதாகக் கொண்டால் கணக்கு எளிது. இணை மைக்கை அவர்களுக்கு 3 மீட்டர் முன்னால் நிறுத்தினால், இருவரும் மைக்குக்கு உணர்த்தும் விரிவு 53 பாகை; ஓ.ஆர்.டி.எஃப். முறையில் மேடை பாதியாகக் குறுகிவிடும். 2 மீட்டரில் விரிவு 74 பாகை. அந்த இடத்தில் ப்ளம்லைன் இணை, இரு ஒலிபெருக்கிகளுக்கும் இடையே மேடையை முழுவதுமாக விரிக்கும், ஓ.ஆர்.டி.எஃப். முக்கால் பங்கு விரிக்கும். 1.5 மீட்டரில் விரிவு 90 பாகை, அங்கே ஓ.ஆர்.டி.எஃப். ஏறக்குறைய முழுமை பெறும். ஸ்டாண்டை ஓரடி முன்னோ பின்னோ நகர்த்துவது, மிக்சரில் செய்யும் எந்தத் திருத்தத்தையும்விட வலியது.

இதற்கொரு நிபந்தனை உண்டு. மேடையின் பக்க ஒலிபெருக்கிகள் அலறினால் இணை மைக் அதையும் சேர்த்தே பிடிக்கும். ஒலிபெருக்கியின் அளவு தாழ்ந்திருக்கும் அரங்கிலேயே இந்த முறை பலன் தரும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்: மண்டபமும் தேர்வீதியும்

தமிழகத்தில் அரையர் சேவை தொடர்ந்து வழங்கும் தலங்கள் ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய மூன்று. கைத்தாளம் ஒன்றே துணையாக, அரையர் பாசுரத்தை இசைத்து, அபிநயித்து, வியாக்கியானம் சொல்கிறார். முத்துக்குறியில் தாய், மகள், கட்டுவிச்சி மூவராகவும் ஒருவரே நிற்கிறார். இதற்குச் சட்டையில் குத்தும் சிறு மைக்கைப் பயன்படுத்தினால் சொல் தெளிவாக விழும். தாளத்தின் வெண்கல நாதம் கற்றூண்களில் பட்டுத் திரும்புவதும், சன்னதியை நோக்கியும் அடியார்களை நோக்கியும் குரல் திரும்பும் வேறுபாடும் அதில் மறைந்துவிடும். கல் மண்டபத்தில் எதிரொலி மிகுதி; இணை மைக்கைத் தள்ளி வைத்தால் சொல் கரையும், மிக நெருங்கினால் மண்டபம் போய்விடும். எம்-எஸ் முறை இங்கே கைகொடுக்கும். நடு மைக் அரையரின் சொல்லைக் காக்கும்; பக்க மைக் மண்டபத்தைத் தரும். இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்பதைப் பதிவு முடிந்த பிறகும் நிதானமாகக் கேட்டு முடிவு செய்யலாம். எதிரெதிரே இரு வரிசையாக நின்று பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டிக்கு, வரிசைகளின் ஓரத்தில் நடுக்கோட்டில் ஊன்றிய ஓ.ஆர்.டி.எஃப். இணை பொருந்தும், இரு வரிசையும் இரு பக்கமாகப் பிரிந்து கேட்கும்.

ஆடிப்பூரத் தேரோட்டம் முற்றிலும் வேறு களம். திறந்த வீதி, நகரும் இசை. நாகஸ்வரத்தின் கூர்மையான உயர் ஒலிகள் அணசின் நேர்த்திசையில் ஓங்கி ஒலிக்கும். கலைஞர் சற்றே திரும்பினாலும் அருகில் உள்ள ஒற்றை மைக்கில் ஒலி ஏறி இறங்கும். தவிலின் வலந்தலையில் விரற்கூடுகளின் வெடிப்பும், தொப்பியில் கழியின் அதிர்வும் எதிரெதிர்த் திசைகளில் பாய்கின்றன. வீதி மூலையில் உயரமான ஸ்டாண்டில் ஓர் இணையை நிறுத்திவிட்டால், மேளம் தொலைவில் அரும்பி, நெருங்கி, கடந்து செல்லும் முழு நிகழ்வும் பதிவாகும். இங்கே ப்ளம்லைன் முறை ஆகாது. பக்கவாட்டில் கடக்கும் ஒலி இரு வழியிலும் எதிர்க்கட்டத்தில் பதிந்து, எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாமல் குழம்பும். மேலும் ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்; எட்டு வடிவில் கேட்கும், மெல்லிய உலோக நாடா கொண்ட ரிப்பன் மைக் அந்தக் காற்றைத் தாங்காது. காற்றுத் தடுப்பு உறை போட்ட இதயவடிவ மைக்குகளே தேர்வீதிக்கு ஏற்றவை.

முடிவுரை

ஆதேர் தொடங்கி வில்லியம்ஸ் வரையிலான வரலாறு, இசை நடக்கும் இடத்தைக் கேட்பவரிடம் முழுதாகச் சேர்க்கும் முயற்சியின் வரலாறு. தமிழகம் ஸ்டீரியோவைத் திரையிசை வழியே பலவழிப் பதிவாகப் பெற்றது. இணை மைக் மரபு நமக்கு இடையில் விடுபட்டது. அந்த விடுபாட்டால் திரையிசைக்கு இழப்பில்லை. மண்டபத்தையும் வீதியையும் தன் உறுப்பாகக் கொண்ட இசைக்கு அது பெரிய இழப்பு.

அதை ஈடு செய்வதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஒரே வகை மைக் இரண்டு, ஒரு ஸ்டாண்ட், இரு வழிப் பதிவுக் கருவி, அளவுகோல் இவை போதும். கோயில் நிர்வாகத்தின் இசைவையும் கலைஞர்களின் ஒப்புதலையும் பெற்று, கல்லூரிகளும் சபைகளும் இப்பணியை மேற்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பதிவோடும் மைக் வகை, இடைவெளி, கோணம், தூரம், கலைஞர் அமர்ந்த வரிசை ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். அரையர் சேவையை வழிவழியாகக் காத்து வருபவர்கள் மிகச் சில குடும்பத்தினரே. அவர்கள் நின்று பாடும் மண்டபத்தோடு சேர்த்து அந்தக் குரலைப் பதிவு செய்யும் கடமை நம் தலைமுறைக்கு உரியது. அதை இந்த மார்கழியிலேயே தொடங்கலாம்.